பழசானால் சிவப்பாக இருக்காது

வாரத்தில் நான்கு இரவு
ஷெஃபீல்டில் மூடிக்கிடக்கும் ஒரு கத்தித் தொழிற்சாலையில்
செத்தவர்களை எழுப்பிவிடுகிறேன்.
சம்பளம் சொற்பம். பீட்சா உண்டு.
தலைக்கு நாற்பது நிமிடம்,
கன்னம் பிய்ந்தவனுக்கு மட்டும் ஒரு மணி நேரம்.
ரத்தம் என்பது சோளப்பாகு, சிவப்புச் சாயம்,
ஒரு கரண்டி கொக்கோத்தூள்.
கொக்கோ இல்லாவிட்டால்
ஜாம் மாதிரி பொய் சொல்லும்.

மீதி மூன்று பகலும் உருக்கு அருங்காட்சியகம்.
கழுத்தட்டையில்
பிரையனி தாக்ரே, கற்றல் உதவியாளர்.
நகக்கண்ணில் சிவப்போடு வருவேன்.
மேலாளர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அங்கே எனக்கு ஓர் ஆள் உண்டு, ஹெரால்டு.
சிலிக்கோன் தோல், கண்ணாடிக் கண்,
உலை முன் நிற்கும் தோரணை.
அப்படி ஒருவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
பதிவேட்டில் இருந்தவர்களின் காயங்களை
ஒவ்வொன்றாகக் கடன் வாங்கி
அவன்மேல் வைத்தேன்:
முன்கையில் தெறித்த உருக்கு,
எரிந்துபோன பாதிப் புருவம்.
பள்ளிப் பிள்ளைகள் 'ஐயே' என்பார்கள்,
பிறகு இன்னும் கிட்டே வருவார்கள்.
இரண்டுக்கும் நடுவே உள்ள அரை நொடியில்தான்
நான் பாடம் நடத்துகிறேன்.

அன்றைக்குப் பட்டறை பதினொரு மணிக்கு.
மெழுகு, ஸ்பாஞ்சு, ஊதா கரைத்த தட்டு.
'யார் கைக்கு வேணும் தீக்காயம்?'
இருபத்தெட்டுக் கைகள் உயர்ந்தன.
இருபத்தொன்பதாவது
மேஜைக்கு அடியில் இருந்தது.

கெஸியா. ஒன்பது வயது.
சட்டைக்கையை இழுத்து
அதன் ஓட்டைக்குள் பெருவிரலை மாட்டியிருந்தாள்.
ஆசிரியை என் காதருகே குனிந்து
'கெட்டில். கைக்குழந்தையா இருந்தப்போ' என்றார்.
காலையிலேயே சொல்லியிருக்கலாம்.
தட்டில் ஊதா காய்ந்துகொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அவள் ஹெரால்டின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
விலை படியாதவள் பார்ப்பதுபோல.
'அது தப்பு.'
'எது?'
'பழசானா சிவப்பா இருக்காது.
பளபளன்னு இருக்கும்.
அந்த இடத்துல முடி முளைக்காது.
நீங்க முடி வெச்சிருக்கீங்க.'

வைத்திருந்தேன்தான்.
ஊசியால், ஒவ்வொன்றாக,
ஆறு நாள், பெருமையோடு.

சட்டைக்கை மேலேறியது,
மணிக்கட்டு தாண்டி, முழங்கை தாண்டி.
'என்னோடதைப் போடுங்க. உங்க கையில.'

இதுவரை நான் பார்த்தவை
மருத்துவப் புத்தகத்தின் படங்கள்.
தாங்காவிட்டால் பக்கத்தைத் திருப்பலாம்.
இந்தக் கைக்கு அடுத்த பக்கம் இல்லை.
பார்த்துப் பார்த்து வைத்தேன்.
'இங்க ஒரு மடிப்பு வரணும்.
இது குளிர்ல வேற கலர்.
இன்னும் கொஞ்சம். இல்ல, ஜாஸ்தி. துடைங்க.'
எந்த இயக்குநரும் என்னிடம்
இத்தனை தெளிவாக எதையும் கேட்டதில்லை.

தங்கள் காயங்களை அப்படியே போட்டுவிட்டு
வகுப்பு முழுக்க வந்து மொய்த்தது.
ஆர்ச்சி என்ற பையன் மூக்கைக் கொண்டுவந்து
இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்து
'இதுல எது மேக்கப்?' என்றான்.
அவள் பதில் சொல்ல
அவசரப்படவில்லை.

பிறகு சாண்ட்விச் நேரம்.
கழுவுதொட்டியில் ஊதாத் தண்ணீர் சுழன்று இறங்கியது.
நானும் கையை நீட்டினேன்.
'நீங்க வேண்டாம்,
வீட்டுக்குப் போறவரைக்கும் வெச்சுக்குங்க.'
வேண்டுகோள் இல்லை, வீட்டுப்பாடம்.

அப்படியே டிராம் ஏறினேன்.
எதிரே இருந்தவர் என் கையைப் பார்த்தார்,
ஜன்னலைப் பார்த்தார்,
பிறகு நெடுநேரம் தன் ஷூவைப் பார்த்தார்.
நிற்பவர்கள் பலர் இருந்தும்
என் பக்கத்து இருக்கை காலி.
ஒரு குழந்தை 'ஐயே' என்றது,
கிட்டே வர அதன் அம்மா விடவில்லை.
நான்காவது நிறுத்தத்தில்தான் கவனித்தேன்,
என் பெருவிரல் சட்டைக்கையில்
இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஆல்கஹால் பஞ்சு.
ஓரத்தைக் கிளப்பினால் ஒரே இழுப்பு.
அடியில் என் கை,
மச்சத்தோடு, முடியோடு,
எதற்கும் பயன்படாத ஆரோக்கியத்தோடு.

எட்டு மணிக்குப் பிணங்கள் காத்திருக்கும்.
பையில் பிரஷ்களோடு சாமணத்தையும் போட்டேன்.
அது அவர்களுக்கு இல்லை.
திங்கட்கிழமை சீக்கிரம் போகவேண்டும்,
ஹெரால்டுக்கு முடி பிடுங்க.